கடற்காற்றில் கிற்றார் கம்பி: நாதமும் ஆயுளும்

யாழ்ப்பாணத்தில் குருநகர், நாவாந்துறை, காரைநகர், வல்வெட்டித்துறை என்று கடலை ஒட்டிய வீடுகளில், பூச்சில்லாத கம்பி போட்ட கிற்றார் மூன்றாம் கிழமையே மங்கத் தொடங்கிவிடும். கடலுக்குத் தள்ளி இருக்கும் சுன்னாகம், கோண்டாவில் பக்கம் இன்னும் கொஞ்சம் தாங்கும். கம்பியும் ஒன்று, வாசிக்கிற கையும் ஒன்று என்றாலும் இந்த வித்தியாசம் வரும். காரணம் உப்பு. அது இரண்டு வழியால் வருகிறது: சோளகக் காற்றோடு வருவது ஒன்று, விரல் வியர்வையோடு வருவது மற்றது. காற்றை மறிக்க முடியாது. விரல் விட்டுப்போகும் உப்பைத் துடைக்க முடியும், கம்பியின் ஆயுளில் பெரும்பங்கு அந்தத் துடைப்பில்தான் இருக்கிறது.

சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மாரிகாலத்தில் உப்புப் போத்தல் கட்டிபட்டுக் கசிவதைக் குசினியில் எல்லோரும் பார்த்திருப்போம். கம்பியிலும் அதே வேலைதான் நடக்கிறது. பின்னேரம் வாசித்துவிட்டு அப்படியே சுவரில் சாத்தி வைத்தால், விரல் பட்ட இடமெல்லாம் கிடக்கும் உப்பு இரவில் நீர் கோத்து மெல்லிய படலமாகி, விடியும்வரை உலோகத்தை அரிக்கும். வாசிக்கும் ஒரு மணித்தியாலத்தைவிட, வாசிக்காமல் கிடக்கும் மிச்ச இருபத்து மூன்று மணித்தியாலமும்தான் கம்பியைத் தின்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் உருக்குக் கம்பிக் கிற்றாருக்கு. பிறிட்ஜில், அதாவது மேற்பலகையில் கம்பி பூட்டும் மரத்துண்டில், பின் என்ற முளை இல்லாமல் கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டும் கிற்றார் என்றால் அது நைலோன் கம்பிக்குச் செய்தது. அதில் உருக்குக் கம்பி ஏற்றவே கூடாது. உருக்குக் கம்பியின் இழுவிசை அதன் மேற்பலகையை வளைத்து, பிறிட்ஜைக் கழற்றி எடுத்துவிடும்.

பித்தளையா, வெண்கலமா, பூச்சுக் கம்பியா

ஆறு கம்பியில் மெல்லிய இரண்டும், அதாவது 1ம் 2ம், வெறும் உருக்கு. துருவுக்குத் தடையாக மேலே வெள்ளீயம் பூசியிருக்கும். மற்ற நாலும் ஓர் உருக்கு நரம்பின்மேல் செப்புக் கலப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியவை. நாதத்தின் நிறம் பெரும்பாலும் அந்தச் சுற்றிலிருந்து வருகிறது.

பெட்டியில் ‘80/20 வெண்கலம்’ என்று இருந்தால், 80 பங்கு செம்பும் 20 பங்கு நாகமும் (துத்தநாகம்) என்று அர்த்தம். நாகம் சேர்ந்த செம்பு எங்கள் வீட்டுப் பேச்சில் பித்தளை, குத்துவிளக்கு வார்க்கிற உலோகம். பெட்டியில் என்ன பெயர் இருந்தாலும் பித்தளையின் குணம்தான் அதற்கு. போட்ட அன்று கணீரென்று, கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்கும். உப்பு நீர் பித்தளையிலிருந்து நாகத்தைத் தனியே இழுத்து எடுக்கும், ஆகையால் அந்தக் கணீர் கெதியாகப் போய்விடும். ஒலிப்பதிவுக்கு முதல்நாள் போட நல்ல கம்பி. கடற்கரை வீட்டில் நாளாந்தப் பாவனைக்கு எடுக்க வேண்டாம்.

‘பொஸ்பர் வெண்கலம்’ என்பது உண்மையான வெண்கலம்: சுமார் 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம், துளியளவு பொஸ்பரசு. டடாரியோ நிறுவனம் 1974இல் இதைக் கிற்றார்க் கம்பிக்குக் கொண்டுவந்தது. நாகம் இல்லாததால் அரிப்பை மெதுவாகத்தான் வாங்கும். நாதம் கொஞ்சம் கனத்த, சூடான நாதம். பாட்டுக்குக் கீழே போய் உட்காரும், குரலை மறைக்காது. பூச்சில்லாத கம்பிகளில் யாழ்ப்பாணத்துக்கு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் இதையே சொல்வோம்.

பூச்சுக் கம்பியில் மெல்லிய பொலிமர்ப் படலம் ஒன்று உலோகத்துக்கும் வியர்வைக்கும் நடுவே நிற்கும். எலிக்சிர் கம்பிகளில் சுற்றி முடித்த கம்பி முழுவதையும் மூடிப் பூசுகிறார்கள். அதனால் சுற்றுகளின் இடுக்கில் அழுக்கு இறங்காது. வேறு சில நிறுவனங்கள் சுற்றும் இழையை மட்டும் முதலில் பூசிவிட்டுப் பிறகு சுற்றுகின்றன. அந்தக் கம்பி விரலுக்குச் சாதாரணக் கம்பி போலவே இருக்கும், ஆனால் இடுக்கில் அழுக்குச் சேரும். எலிக்சிரிலேயே ‘பொலிவெப்’ தடித்த பூச்சு, கை வழுக்கும், நாதம் சற்று மழுங்கும். ‘நானோவெப்’ மெல்லியது, சாதாரணக் கம்பியின் தெளிவுக்குக் கிட்ட வரும்.

பூச்சுக் கம்பி முதல் நாளில் பித்தளையின் கணீரைத் தராது, அதை ஒளிக்கத் தேவையில்லை. இரண்டாம் மாதத்திலும் ஏறக்குறைய முதல் நாள் நாதத்தையே தரும் என்பதுதான் அதன் பலம். விலை சாதாரணக் கம்பியைவிட இரண்டு மடங்குக்குக் கிட்டவோ கூடவோ வரும். ஆனால் கணக்கைச் செற் விலையில் பார்க்காமல் மாத விலையில் பாருங்கள். கடற்கரையில் நாளுக்கு ஒரு மணித்தியாலம் வாசிப்பவருக்குச் சாதாரணக் கம்பி நாலு கிழமை நன்றாக இருந்தால் பெரிய காரியம். பூச்சுக் கம்பி மூன்று மாதம் வரும். கை அதிகம் வியர்ப்பவருக்கு வேறு யோசனையே வேண்டாம்.

நிக்கலும் செம்பும் கலந்த மொனெல் கம்பியும் உண்டு, மார்ட்டின் நிறுவனத்தின் றெற்றோ கம்பிகள் இந்த வகை. கப்பல் உதிரிகளுக்குப் பாவிக்கும் உலோகம் என்பதால் உப்புக்கு அசையாது. நாதம் வரண்டது, மரத்தின் குரல் கூடக் கேட்கும். கிடைத்தால் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

எந்தத் தடிப்பு

கடையில் ‘10 செற்’, ‘12 செற்’ என்பது முதலாங் கம்பியின் தடிப்பு. 10 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு. 10 செற் பெரும்பாலும் 10இலிருந்து 47 வரை, 11 செற் 52 வரை, 12 செற் 53 அல்லது 54 வரை, 13 செற் 56 வரை போகும்.

வழக்கமான நீளமுள்ள கிற்றாரில் 12 செற்றைச் சரியான சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 73 கிலோ இழுக்கும், ஓர் ஆள் பிறிட்ஜில் தொங்குவதுபோல. 10 செற் சுமார் 60 கிலோ. தடித்த கம்பி மேற்பலகையை நன்றாக அசைக்கும், சத்தம் கூடும். மைக் இல்லாமல் கோயில் பாடகர் குழுவுக்கு வாசிப்பவருக்கு 12 வேண்டும். பழகத் தொடங்கியவருக்கும் ஒட்டுப்பலகையில் செய்த மலிவான கிற்றாருக்கும் 10 அல்லது 11 போதும். ஒட்டுப்பலகைக் கிற்றாரில் தடித்த கம்பி போட்டால் நாதம் வளரும் என்று பலர் நம்புகிறார்கள். கூடுவது கீழ்ச்சுருதியின் குழப்பம்தான், கூடவே பிறிட்ஜ் கிளம்பும் அபாயமும்.

தடிப்பை ஏற்றும் முன் பிறிட்ஜின் பின்விளிம்பில் ஒரு கடதாசி மூலையைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டுக்கொண்டு வருகிறது. அப்படியான கிற்றாருக்கு 12 போட வேண்டாம், கம்பியைத் தளர்த்தித் திருத்துபவரிடம் கொடுங்கள். தகரக் கூரைக்குக் கீழேயும், வெயிலில் நின்ற வாகனத்துக்குள்ளேயும் வைத்த கிற்றார்களில் இது அடிக்கடி காணும் பிழை.

தடிப்பு மாற்றினால் கழுத்தின் வளைவும் மாறும், அதைக் கடைசியில் பார்ப்போம்.

நாதம் போன கம்பியை அறிவது

அறாத கம்பி நல்ல கம்பி என்று நினைத்து ஒரு வருடத்துக்கு மாற்றாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பி அறுவதற்கு நெடுநாள் முன்னமே நாதம் போய்விடும். வியர்வை, தோல் எண்ணெய், உதிர்ந்த தோல் எல்லாம் சுற்றுகளின் இடுக்கில் இறுகி, கம்பிக்குப் பாரம் ஏற்றும். பாரம் ஏறியதும் மேல்சுரங்கள் முதலில் அடங்கும். அந்தப் பாரம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இராது. முதல் நாலு மெட்டுப் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) பக்கம் கூட, மற்ற இடத்தில் குறைய. ஆகையால் கம்பி தன் நீளம் முழுவதும் ஒரே கம்பியாக அதிராது. திறந்து மீட்டும்போது சுருதி சரி, ஆனால் மெட்டில் பிடித்தால் பிசகும். சுருதி பார்க்கும் ரியூனர் பச்சை காட்டுகிறது, கோட் (பல சுரம் ஒன்றாக) பிடித்தால் காதுக்கு ஒவ்வவில்லை என்று கிற்றாரைக் குறை சொல்வதில் பாதி, பழைய கம்பியின் பிழை.

மூன்று சோதனை போதும். நகத்தைக் கம்பியின் அடிப்பக்கத்தில் வைத்து நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பி தங்கும் வெட்டுள்ள துண்டு) கீழே இழுங்கள். மெட்டுக்கு மெட்டு நகம் பள்ளத்தில் விழுந்தால் சுற்று நசிந்துவிட்டது. அடுத்தது, 6ஆம் கம்பியில் 12, 7, 5 மெட்டுகளுக்கு நேர்மேலே விரலை மெல்லத் தொட்டு மணிநாதம் எழுப்புங்கள். புதுக் கம்பியில் மூன்றும் தெளிவாக எழும். பழையதில் 5ஆம் மெட்டின் நாதம்தான் முதலில் காணாமல் போகும். மூன்றாவதாக, 12ஆம் மெட்டில் எழுப்பிய மணிநாதத்தையும் அதே மெட்டில் அழுத்தி மீட்டிய சுரத்தையும் ரியூனரில் ஒப்பிடுங்கள். போன மாதம் ஒத்திருந்தது இப்போது ஒவ்வவில்லை என்றால் கம்பியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பொஸ்பர் வெண்கலம் கொஞ்சம் கருமை தட்டினாலும் நாதம் இருக்கும். பச்சைப் பொடி தெரிந்தால் மட்டும் யோசிக்கத் தேவையில்லை.

அரை நிமிடத் துடைப்பு

கை கழுவிவிட்டு வாசியுங்கள் என்பது எல்லோரும் சொல்வது. யாழ்ப்பாணத்தில் அதோடு இன்னொன்று சேர்க்க வேண்டும்: கழுவிய கையை நன்றாக உலர்த்துங்கள். சுண்ணக்கல்லுக்கு அடியிலிருந்து வரும் எங்கள் கிணற்று நீர் கடின நீர், கரையோரத்தில் உவர் நீர். ஈரக் கையோடு தொட்டால் கழுவாத கைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திருநீறு, சந்தனம், தலைக்கு வைத்த எண்ணெய், நுளம்புக்குப் பூசும் கிறீம் எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். நுளம்புக் கிறீம் பலவற்றில் இருக்கும் டீற் என்ற இரசாயனம் கிற்றாரின் மேற்பூச்சையும் பிளாஸ்ரிக்கையும் இளக்கும், கை வைத்த இடத்தில் தடம் நிற்கும். வியர்க்கிறது என்று பவுடர் போட்டுக்கொள்ளவும் வேண்டாம், அது சுற்றுக்குள் போய் வியர்வையோடு சேர்ந்து களியாகும்.

வாசித்து முடித்ததும், கிற்றாரைக் கீழே வைக்கும் முன் துடைப்பு. பலதரம் தோய்த்த பழைய பருத்திச் சாரத்தில் கிழித்த ஒரு துண்டு இதற்கு மிக நல்லது. நார் உதிராது, ஈரத்தையும் இழுக்கும். துண்டைக் கம்பிகளுக்கு அடியால் விட்டு இரண்டு முனையையும் மேலே பிடித்து, நட்டிலிருந்து, பிறிட்ஜில் கம்பி ஏறிநிற்கும் துண்டான சாடில்வரை மூன்றுதரம் இழுங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியாகத் துணியால் கிள்ளிப் பிடித்து ஒருதரம். அடிப்பக்கம்தான் முக்கியம். மேலே மட்டும் துடைத்தால் பளபளப்புத் தெரியும், மெட்டில் படும் பக்கம் அழுக்கோடு கிடக்கும். துணியைக் கிழமைக்கு ஒருதரம் தோய்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் நேற்றைய உப்பையே இன்று திரும்பப் பூசுவீர்கள்.

வெறும் உருக்கான 1ஆம், 2ஆம் கம்பிகளுக்குக் கிழமைக்கு ஒருதரம் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளியைத் துணியில் விட்டு, இழுத்து, உடனே உலர் துணியால் ஒற்றி எடுக்கலாம். சுற்றுக் கம்பிக்கு எந்த எண்ணெயும் வேண்டாம், இடுக்கில் நின்று நாதத்தை அமுக்கும். தேங்காயெண்ணெய் எங்கேயும் வேண்டாம். அது மெட்டுப்பலகையில் சிக்குப் பிடிக்கும்.

பழைய கம்பியை அவிப்பது பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்து நிமிடம் கொதிநீரில் போட்டால் இடுக்கு அழுக்குக் கொஞ்சம் கழன்று, சில நாளைக்கு நாதம் வரும். ஆனால் நசிந்த சுற்று நிமிராது. கழற்றி, மடிந்த இடத்தை நிமிர்த்தி, திரும்ப ஏற்றும்போது அந்த மடிப்பிலேயே அறுவதும் உண்டு. இரண்டு நாளில் ஒரு நிகழ்ச்சி, கையில் புதுச் செற் இல்லை என்றால் மட்டும் செய்யுங்கள், நன்றாக உலர்த்திவிட்டு ஏற்றுங்கள். பூச்சுக் கம்பியை அவிக்க வேண்டாம். குத்துவிளக்குத் துலக்குவதுபோலப் புளியோ தேசிக்காயோ தேய்க்கவும் வேண்டாம். மேலே மினுங்கும், ஆனால் புளிப்பு இடுக்குக்குள் நின்று உள்ளேயிருக்கும் உருக்கைத் தின்னும்.

கம்பி மாற்றும் முறை

தேவையானவை: வெட்டுக் குறடு, பிருடை (சுருதி கூட்டும் திருகு) சுழற்றும் கைப்பிடி, ரியூனர், துணி, ஒரு 2பி பென்சில். ஆறு கம்பியையும் ஒன்றாகக் கழற்றினால் கழுத்து கெட்டுவிடும் என்ற பயம் தேவையில்லை. மெட்டுப்பலகை துடைக்கும் அரைமணி நேரத்தில் ஒன்றும் ஆகாது. கிழமைக் கணக்கில் கம்பியில்லாமல் விடுவதுதான் கூடாது.

முதலில் எல்லாக் கம்பியையும் தொங்கும்வரை தளர்த்துங்கள். இறுகிய கம்பியை வெட்டினால் முகத்தில் அடிக்கும். பின் கழற்றும் முன், கம்பியைப் பின் துளைக்குள் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள், குண்டு முனை விலகிப் பின் இலகுவாக வரும். வராவிட்டால் குறட்டால் பிடுங்க வேண்டாம். ஒலித்துளையால் கையை விட்டு, ஒரு நாணயக் குற்றியின் விளிம்பால் பின்னின் அடியை மேலே தள்ளுங்கள்.

புதுக் கம்பி ஏற்றும்போது பின் துள்ளி வருவது எல்லோருக்கும் நடக்கும் பிழை, அதன் காரணம் ஒன்றே ஒன்று. குண்டு முனை, உள்ளே பிறிட்ஜின் கீழ்ப்பலகையில் போய் அண்டாமல் பின்னின் நுனியில் குந்தியிருக்கிறது. கம்பி இறுக இறுக அது பின்னை மேலே தள்ளும். பின்னை அடித்து இறக்குவது தீர்வாகாது, துளைதான் பெருக்கும். செய்ய வேண்டியது: குண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே கம்பியை மெல்ல வளையுங்கள், குண்டைத் துளைக்குள் விடுங்கள், பள்ளமுள்ள பக்கம் ஒலித்துளையைப் பார்க்கப் பின்னை இலேசாக வையுங்கள், பின்னில் பெருவிரலை வைத்துக்கொண்டு கம்பியை மேலே இழுங்கள். குண்டு பலகையில் போய் ‘டக்’கென்று நிற்பது கைக்குத் தெரியும். அதன் பிறகு பின்னை அழுத்துங்கள். அத்தோடு பின் அசையாது.

பிருடைப் பக்கம் அளவு முக்கியம். சுற்றுக் கம்பியை அதன் தூண்வரை இறுக்கி இழுத்து, தூணைத் தாண்டி 5 சென்ரிமீற்றர் கூட விட்டால் இரண்டு அல்லது மூன்று சுற்று வரும். 1ஆம், 2ஆம் கம்பிகளுக்கு 7 அல்லது 8 சென்ரிமீற்றர் விட்டால் நாலு சுற்று. குறைந்தால் வழுக்கும், கூடினால் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பிறகு மெல்ல மெல்ல இறங்கிச் சுருதியைக் குலைக்கும். சுற்று மேலிருந்து கீழே ஒழுங்காக இறங்க வேண்டும், கம்பி தலைப்பகுதியின் நடுப்பக்கத்தால் தூணுக்கு வர வேண்டும். ஏற்றும்போது கம்பி தன்னைத் தானே முறுக்கிக்கொள்ள விட வேண்டாம். முறுகிய கம்பியில் நாதம் ஒருபோதும் சுத்தமாக வராது. சுற்றுக் கம்பியின் மிச்சத்தைத் தூணில் மடித்த பிறகே வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் சுற்று அவிழ்ந்து, அந்தக் கம்பி வாங்கிய அன்றே கெட்டுப்போகும்.

ஏற்றும் முன் நட்டின் ஒவ்வொரு வெட்டிலும் பென்சில் கரியைப் பூசுங்கள். சுருதி கூட்டும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டு, சுருதி திடீரென்று தாண்டிப் போனால் கம்பி நட்டில் இறுகி நிற்கிறது. கரி அதைத் தளர்த்தும். தடித்த செற் புதிதாகப் போட்டவர்களுக்கு வெட்டையே கொஞ்சம் அகட்ட வேண்டி வரலாம், அது திருத்துபவரின் வேலை.

சுருதிக்கு வந்ததும் 12ஆம் மெட்டுக்கு மேலே கம்பியை இரண்டு சென்ரிமீற்றர் தூக்கி விடுங்கள், சுருதி இறங்கும், திரும்பக் கூட்டுங்கள். மூன்று நாலுதரம் செய்தால் நின்றுவிடும். சுருதியைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கி மறுபடி ஏறுங்கள். கடைசியில் மிச்சத்தை மூன்று மில்லிமீற்றர் விட்டு வெட்டி, வெட்டிய துண்டுகளை எண்ணிப் பொறுக்கி ஒரு தகரப்பேணிக்குள் போடுங்கள். முற்றத்தில் எறிந்தால் வெறுங்காலில் ஏறும், கோழியும் கொத்தும். 10 செற் போட்டவர்கள் முதலாங் கம்பியின் நேரான ஒரு துண்டை மட்டும் எடுத்து வையுங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

எங்கே அறுந்தது என்று பாருங்கள்

அறுந்த கம்பியை எறியும் முன் அறுந்த இடத்தைப் பாருங்கள். ஒரே கம்பி ஒரே இடத்தில் இரண்டுதரம் அறுந்தால் பிழை கம்பியில் இல்லை. சாடிலில் அறுந்தால் சாடிலின் விளிம்பு கூரிட்டிருக்கிறது. 600ஆம் நம்பர் சாண்ட் பேப்பரை விரலில் சுற்றி அந்த இடத்தை மட்டும் நாலைந்துதரம் உருட்டித் தேய்த்தால் போதும், உயரத்தைக் குறைக்க வேண்டாம். பிருடைத் தூணில் அறுந்தால் துளையின் வாயில் பிசிறு இருக்கும். தடித்த பழைய கம்பித் துண்டொன்றைத் துளைக்குள் விட்டு முன்னும் பின்னும் அராவுங்கள்.

நடுவில் அறுவது துரு. இங்கே ஒரு விசயம் விளங்க வேண்டும். சுற்றுக் கம்பியில் செப்புக் கலப்பும் உருக்கும் ஒட்டி இருக்கின்றன. நடுவே உப்பு நீர் புகுந்தால் அது ஒரு சிறிய மின்கலமாகும், அதில் கரைவது உருக்கு. வெளியே சுற்று நன்றாகத் தெரிய, உள்ளே நரம்பு மெலிந்துகொண்டு வரும். 3ஆம் கம்பி அடிக்கடி அறுவதும் இதனால்தான். அதன் உள்நரம்பு ஏறக்குறைய முதலாங் கம்பியளவே மெல்லியது, ஆனால் 12 செற்றில் முதலாங் கம்பி இழுப்பது பத்தரைக் கிலோ என்றால் 3ஆவது பதின்மூன்று கிலோவுக்கு மேல் இழுக்கும்.

பாடுபவரின் சுருதிக்காகக் கம்பியை ஏற்றிக் கட்டுவதும் கம்பியைக் கொல்லும். அரைச்சுரம் ஏற்றினால் இழுவிசை 12 வீதம் கூடும், ஒரு சுரம் ஏற்றினால் கால்பங்கு. மேலே போக வேண்டும் என்றால் கேப்போ (ஆறு கம்பியையும் ஒரு மெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள், வாசித்ததும் கழற்றுங்கள். மற்றப் பக்கமாக, அரைச்சுரம் இறக்கிக் கட்டி முதலாம் மெட்டில் கேப்போ போட்டு வாசித்தால் கம்பிக்கும் பிறிட்ஜுக்கும் பாரம் குறையும். பழைய கிற்றாருக்கு இது நல்ல வழி.

வைப்பதும், மாரிகாலச் சரிபார்ப்பும்

டடாரியோ போன்ற சில கம்பிகள் ஆறும் ஒரே மூடிய பையில் வரும், எது எது என்று குண்டின் நிறம் சொல்லும்: 1 வெள்ளி, 2 ஊதா, 3 பச்சை, 4 கறுப்பு, 5 சிவப்பு, 6 பித்தளை நிறம். பையைத் திறந்தால் ஆறையும் அன்றே போட்டுவிடுங்கள். தனிக் கடதாசி உறையில் வரும் உதிரிக் கம்பியை அலுமாரியில் சும்மா போட்டு வைத்தால் போடாமலே துருப் பிடிக்கும். இறுக மூடும் பொலித்தீன் பையில், சப்பாத்துப் பெட்டியில் கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். டடாரியோ பெயரில் போலிக் கம்பியும் உலாவுகிறது. விலை மிகக் குறைவாக, பை தளர்வாக, அச்சு மங்கலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கிற்றாரையும் கடலைப் பார்த்த யன்னலுக்கு நேரே தொங்கவிட வேண்டாம். பெட்டிக்குள் வைத்து, நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். 45இலிருந்து 55 வீத ஈரப்பதன் மரத்துக்கும் கம்பிக்கும் நல்லது, சிறிய ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தால் ஊகிக்கத் தேவையில்லை. பொட்டலத்துக்குப் பதிலாக அரிசி போட வேண்டாம், மாவும் வண்டும் வரும்.

மாரி தொடங்கி வாடைக் காற்று வந்ததும் மேற்பலகை ஈரம் குடித்து மேலே எழும்பும். கம்பி மெட்டிலிருந்து விலகும், அழுத்த விரல் நோகும். கோடையில் மறுவளமாக இறங்கி, கம்பி மெட்டில் பட்டு இரையும். புதுக் கம்பியைக் குறை சொல்லும் முன் அளந்து பாருங்கள். 6ஆம் கம்பியை முதலாம் மெட்டிலும் 14ஆம் மெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். இப்போது கம்பி ஒரு நேர்கோல். எடுத்து வைத்த 10ஆம் நம்பர்க் கம்பித் துண்டின் தடிப்பு 0.25 மில்லிமீற்றர், கழுத்து இருக்க வேண்டிய வளைவும் ஏறக்குறைய அவ்வளவே. துண்டை 7ஆம் மெட்டின் தலைக்கும் 6ஆம் கம்பிக்கும் நடுவே செருகுங்கள். கம்பியைத் தூக்காமல் மெல்ல உரசிக்கொண்டு போனால் கழுத்துச் சரி. தாராளமாகப் போய் வந்தால் கழுத்து முன்னுக்கு வளைந்திருக்கிறது, கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கோலை மணிக்கூட்டுத் திசையில் எட்டில் ஒரு சுற்று இறுக்கி, மறுநாள் திரும்ப அளந்து பாருங்கள். போகவே இல்லை என்றால் எதிர்த்திசையில் அதே அளவு. ஒரு நாளில் கால் சுற்றுக்கு மேலே தொடவே வேண்டாம். கழுத்துச் சரியாகியும் 12ஆம் மெட்டில் 6ஆம் கம்பி மூன்று மில்லிமீற்றருக்கு மேலே நின்றால், வாடை போய்த் தை மாசி வெயில் வரும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகு சாடிலில் கை வையுங்கள்.